அட்டை அடுப்பு

அலுவலகத்தில் அவருக்குப் புலி என்று பெயர். வைத்தது யாரென்று தெரியாது. வைத்தவரே பயந்துபோய் வாயைத் திறக்காமல் இருந்திருக்கலாம். குடிநீர் இணைப்புப் பிரிவின் கண்காணிப்பாளர். அவருடைய செருப்புச் சத்தம் மாடிப்படியில் கேட்டாலே செல்போன்கள் மேசை டிராயருக்குள் போய்விடும், பேச்சு நின்றுவிடும், தூங்கிக்கொண்டிருந்தவர் தும்முகிற பாவனையில் எழுந்து உட்கார்ந்துவிடுவார். இப்பேர்ப்பட்ட புலி வீட்டுக்கு வந்ததும் செய்கிற முதல் காரியம், சமையலறை ஜன்னலைச் சாத்திவிட்டு, ஏப்ரனைக் கட்டிக்கொண்டு வெங்காயம் உரிப்பது.

ஜன்னலைச் சாத்துவது அக்காவுக்காக. அக்கா குடியிருப்பது நேர் மேல்மாடியில். பள்ளிக்கூடத் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். பெற்றோர் சீக்கிரமே போய்ச் சேர்ந்துவிட, தம்பியைத் தூக்கி வளர்த்து ஆளாக்கியவர் அவர்தான். தம்பிக்குப் பிறவியிலேயே இடது கைப் பழக்கம். அதை ஸ்கேலால் தட்டித் தட்டி வலது கைக்கு மாற்றினார் அக்கா. மாற்றியதை அப்புறம் மறந்தும் போனார். முடிந்துபோன வேலையை யார் நினைத்துக்கொண்டிருப்பார்கள்? அவர் மறக்காத பெருமை வேறொன்று. வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அதைச் சொல்லாமல் விடமாட்டார்.

"என் தம்பி இன்னிக்கு வரைக்கும் தான் குடிச்ச டம்ளரைக்கூட எடுத்து வெச்சதில்ல!"

பொய் ஆரம்பித்தது கல்யாணமான புதிதில். மனைவி பள்ளி வேன் ஓட்டுகிறவள். குறுகலான சந்தில் எதிரே லாரி வந்தாலும் லாரிக்காரன்தான் பின்னால் போகவேண்டும், அப்படி ஒரு கை. ஆனால் அந்தக் கைக்குச் சமையல் சுத்தமாக வரவில்லை. அவள் வைத்த பருப்பைப் பாத்திரத்திலிருந்து பிரிப்பதற்கே ஒரு நாள் ஊறவைக்க வேண்டியிருந்தது. வேறு வழியில்லாமல் புலி உள்ளே போய்க் கத்தியை எடுத்தார். எடுத்ததும் அது தானாக இடது கைக்குப் போயிற்று. யாரும் ஸ்கேலை எடுத்துக்கொண்டு வரவில்லை. வெங்காயம் காகிதம் மாதிரி மெல்லிசாக விழுந்தது. அன்றைக்கு அவருக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை அவர் யாரிடமும் சொன்னதில்லை, சொல்லவும் தெரியாது.

அந்த வாரமே அக்கா சாப்பிட வந்தார். வாயில் வைத்தார். யாரையும் லேசில் பாராட்டாத அக்கா கண்ணை மூடிக்கொண்டு, "யாரு வெச்சது?" என்றார். மனைவி வாயைத் திறப்பதற்குள் புலி, "அவதான்" என்று சொல்லிவிட்டார். கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். புலி அவ்வளவு கெட்டிக்காரர் இல்லை போலிருக்கிறது, அவர் புளுகு வருஷக்கணக்கில் ஓடிக்கொண்டிருந்தது.

அதன் பிறகு அழைப்பு மணி அடித்தால் போதும். ஏப்ரன் அவர் கழுத்திலிருந்து அவள் கழுத்துக்குத் தாவும், கரண்டி கைமாறும், புலி சோபாவில் விழுந்து செய்தித்தாளைப் பிரித்துக்கொள்வார். சர்க்கஸ்காரன் பார்த்திருந்தால் இரண்டு பேருக்கும் வேலை கொடுத்திருப்பான். அக்கா உள்ளே வந்து மூக்கை உறிஞ்சி, "வெளியில வண்டி, உள்ள கரண்டி. இவளை மாதிரி ஒருத்தி கிடைப்பாளாடா உனக்கு?" என்பார்.

"உண்மையைச் சொல்லித் தொலைச்சிடலாமேங்க" என்று மனைவி எத்தனையோ முறை சொல்லிப் பார்த்துவிட்டாள்.

"அக்கா மனசு உடைஞ்சிடும்" என்பார் புலி.

உடையப் போவது அக்காவின் மனசு இல்லை, இவருடைய புலித்தோல்தான் என்று அவளுக்குத் தெரியும். இருந்தாலும் விட்டுக்கொடுத்துப் போனாள். சமைத்துப் போடுகிற புருஷனிடம் எந்தப் பெண்தான் சண்டைக்குப் போவாள்?

இப்படி ஓடிக்கொண்டிருந்த குடும்பத்தில் சமையலறை காலை வாரியது. வீடே சின்ன வீடு. சமையலறை அதிலும் சின்னது. ஒருவர் மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டால்தான் இன்னொருவர் நுழைய முடியும். குளிர்சாதனப் பெட்டியைத் திறந்தால் வாசல் அடைத்துக்கொள்ளும். தொட்டிக்குக் கீழே குழாய் கசிந்து கசிந்து, மரப் பலகைகளெல்லாம் ஊறி உப்பி, கதவுகள் கையோடு வந்தன. ஊருக்கெல்லாம் குழாய் போட்டுக் கொடுக்கிற அதிகாரி வீட்டில் குழாய் ஒழுகியதைப் பற்றி நாம் ஒன்றும் சொல்ல வேண்டாம். எல்லாவற்றையும் பிடுங்கிப் போட்டுவிட்டுப் புதிதாக, அளவெடுத்துச் செய்துகொள்வது என்று முடிவாயிற்று.

புலிக்கு உள்ளூரக் கொண்டாட்டம். அலுவலகக் கூட்டங்களில் அவர் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தபோதெல்லாம் மனசுக்குள் கட்டிக்கொண்டிருந்தது இந்தச் சமையலறையைத்தான். மேடை அவர் உயரத்துக்கு. ஜன்னலை ஒட்டி, நல்ல வெளிச்சத்தில், கை வீசி நறுக்க ஒரு பெரிய இடம். உப்பும் மிளகும் மூடி போடாமல், இடது முழங்கைக்குப் பக்கத்தில். இடது கை போய் எடுக்க, இடது கை தூவ. அந்த வீட்டில் அவருடைய இடது கைக்கென்று இருந்தது அந்த ஓர் அறைதான்.

சமையலறை வடிவமைக்கிற பெண் வந்தாள். பேச்சு சுருக்கம், தோளில் ஒரு பை, இடுப்பில் அளவு நாடா. வந்ததும் கேட்டாள்.

"இங்க சமைக்கிறது யாரு?"

அக்கா அப்போது கீழேதான் இருந்தார். கண் பரிசோதனைக்குப் போகவேண்டிய நாள் என்று பார்த்துத்தான் புலி இந்தப் பெண்ணை வரச் சொல்லியிருந்தார். அக்கா கண்ணைத் தள்ளிப்போட்டுவிட்டு இறங்கி வந்துவிட்டார். "கண்ணு எங்கடா ஓடிடப் போகுது? சமையலறை விஷயத்துல ஆம்பளை உனக்கு என்ன தெரியும்?" என்று நியாயமும் சொன்னார்.

"இவதான் சமைக்கிறது" என்று அக்கா மனைவியைக் காட்டினார். "இந்த வீட்ல மட்டும் இல்ல, இந்தச் சுத்துவட்டாரத்துலயே இவ கைக்கு ஈடு கிடையாது."

டிசைனர் பெண் மனைவியை நிற்கவைத்து, தரையிலிருந்து முழங்கை வரை அளந்துகொண்டாள். மனைவி புலியின் தோள் உயரம். புலிக்கு அப்போதே முதுகில் சுருக்கென்றது.

"நான் யாரையும் என்ன வேணும்னு கேக்க மாட்டேன் சார்" என்றாள் அந்தப் பெண். "கேட்டா எல்லாரும் எங்கயோ படத்துல பாத்ததைச் சொல்றாங்க. வாய் பொய் சொல்லும், கை பொய் சொல்லாது. அட்டையில ஒரு சமையலறை செஞ்சு கொண்டு வரேன். மேடம் அதுல வெறும் பாத்திரத்தை வெச்சு ஒரு வேளை சமையலை முழுசா செஞ்சு காட்டணும். கை எங்கெங்க போகுதோ, அங்கதான் சாமான் வரும்."

"அப்படிப் போடு!" என்றார் அக்கா. தொழிலில் கண்டிப்பு இருந்தால் அவருக்கு ஆளைப் பிடித்துவிடும். "நானும் வந்து பாக்கறேன்."

அடுத்த விடுமுறை நாளில் ஒத்திகை என்று முடிவாயிற்று. முந்தின நாள் சாயங்காலம் புலி கதவைத் தாழிட்டுக்கொண்டு மனைவிக்கு வகுப்பு எடுத்தார். மீன் வறுவல்தான் பாடம். கழுவு, நறுக்கு, எண்ணெய் ஊற்று, உப்பு போடு, புரட்டு. அவள் சாலை விதிகளை மனப்பாடம் செய்கிற மாதிரி விரலை மடக்கி மடக்கிச் சொன்னாள். "உப்புக்கு இடது பக்கம், முழங்கைக்கிட்ட. மறந்துடாதே. நறுக்கறது ஜன்னல் பக்கம். நான் ஒரு தடவை இருமினா இடது, ரெண்டு தடவை இருமினா வலது" என்றார் புலி.

"இவ்வளவு பாடுபடறதுக்குப் பேசாம..." என்று ஆரம்பித்தாள் மனைவி.

"அதைத் தவிர வேற பேசு" என்றார் புலி.

மறுநாள் கூடத்துச் சோபாவையும் மேசையையும் சுவரோரம் தள்ளிவிட்டு, டிசைனர் பெண் அட்டைகளை நிறுத்தினாள். அட்டை மேடை, அட்டைத் தொட்டி, கறுப்பு மையால் நாலு வட்டம் போட்ட அட்டை அடுப்பு. அக்கா தலைமையாசிரியை தோரணையில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு நடுவில் உட்கார்ந்தார். புலி ஒரு மூலையில், செய்தித்தாளோடு.

"ஒண்ணுமே யோசிக்காதீங்க மேடம். தினம் செய்யறதைச் செய்யுங்க. யோசிச்சாத்தான் தப்பு வரும்" என்றாள் டிசைனர் பெண்.

அங்கேதான் வினை. மனைவி அட்டை அடுப்பின் முன்னால் போய் நின்றாள். நாத்தனார் பார்க்கிறார் என்ற பதற்றத்தில், முந்தின நாள் பாடம் மொத்தமும் மறந்துபோயிற்று. யோசிக்காதே என்றும் சொல்லிவிட்டார்கள். யோசிக்காமல் விட்டதும், கைகள் தங்களுக்குத் தெரிந்த ஒரே வேலையைச் செய்ய ஆரம்பித்தன.

முதலில் நிமிர்ந்து மேலே ஒரு பார்வை. பிறகு வலது பக்கம், இடது பக்கம்.

"பாத்தியாடா, எவ்வளவு நிதானம்!" என்றார் அக்கா.

டிசைனர் பெண் அவள் பார்வை போன இடத்தில் ஒரு சிவப்புப் பொட்டை ஒட்டினாள். "அடிக்கடி மேல பாக்கறாங்க. பாக்கற உயரத்துல அலமாரி வரணும்."

மனைவி வெறும் சட்டியை இரண்டு கையாலும் இரண்டு பக்கமும் பிடித்தாள். லேசாக வலப்புறம் திருப்பினாள், இடப்புறம் திருப்பினாள். திருப்பத்தில் அவளுக்கு முழங்கை இடித்தது. "அடுப்பு நடுவுல வரணும், ரெண்டு பக்கமும் தாராளமா இடம் விடணும்" என்று டிசைனர் பெண் அடுப்பை நகர்த்தினாள். நகர்ந்த அடுப்பு ஜன்னலோரம் இருந்த நறுக்குகிற இடத்தை விழுங்கிவிட்டது. புலி பதறிப்போய் இருமினார்.

மனைவியின் இடது கை தொடைக்குப் பக்கத்தில் தணிந்தது. எதையோ பிடித்து முன்னால் தள்ளியது, பின்னால் இழுத்தது.

"அது என்ன மேடம், உப்பா?"

"ம்? ஆமா. உப்புத்தான்."

அங்கே ஒரு பொட்டு. புலி மறுபடி இருமினார். ஒன்றா இரண்டா என்று அவருக்கே கணக்குத் தப்பிப்போயிற்று. அக்கா திரும்பிப் பார்த்தார். "என்னடா இது, தொண்டை கட்டிடுச்சா?" என்று கைப்பையிலிருந்து ஒரு இருமல் மிட்டாயை எடுத்து, உறை பிரித்து, தம்பியின் வாயில் வைத்து அடைத்தார். திருடனுக்குத் தேள் கொட்டின மாதிரி புலி மிட்டாயைச் சப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

வலது கால் ஒரு தடவை தரையை அழுத்தியது. "குப்பைத் தொட்டி, காலால திறக்கறது" என்று டிசைனர் பெண் ஒரு பொட்டை ஒட்டினாள். எல்லாம் முடிந்தது என்று தோன்றியதும் மனைவி இடது கையால் கீழேயிருந்து எதையோ விசுக்கென்று மேலே இழுத்தாள். வேன் ஓட்டத் தெரிந்த யாராவது அங்கே இருந்திருந்தால், வண்டியை நிறுத்திக் கைப் பிரேக் போட்டாயிற்று என்று சொல்லியிருப்பார்கள்.

"கேஸை அடைக்கிறாங்க" என்றாள் டிசைனர் பெண். வால்வுக்கு ஒரு கைப்பிடி அங்கே வருவதாயிற்று. கை உண்மையைத்தான் சொன்னது. அந்த உண்மை எதைப் பற்றியது என்று கேட்கத்தான் யாருக்கும் தோன்றவில்லை.

"இத்தனை பேருக்குப் பண்ணியிருக்கேன்" என்றாள் அந்தப் பெண் அட்டைகளை மடித்தபடி. "மேடம் மாதிரி தயங்காத கையை நான் பாத்ததில்ல."

அக்காவுக்கு ஆனந்தத்தில் கண் கலங்கிவிட்டது.

அன்று சாயங்காலமே புலி டிசைனருக்குப் போன் செய்தார். அலுவலகக் குரலில்தான் செய்தார். உப்பு கொஞ்சம் மேலே வந்தால் நன்றாக இருக்கும், மேடை ஒரு சாண் உயர்ந்தால் பார்வைக்குக் கம்பீரமாக இருக்கும், நறுக்குகிற இடம் அகலமாக இருந்தால் வீட்டுக்கு நல்லது. அந்தப் பெண் பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள்.

"சார், சமைக்கப் போறது நீங்களா?"

புலி மேல்மாடி இருக்கிற பக்கம் அண்ணாந்து பார்த்தார். "இல்ல" என்றார்.

மனைவியைப் பேசச் சொன்னார். மனைவி பேசினாள். "கை சொன்னதை வாய் மாத்தச் சொல்லுது மேடம். எல்லாருக்கும் இந்தப் பயம் வரும். போட்டதுக்கு அப்புறம் நீங்களே எனக்கு நன்றி சொல்லுவீங்க" என்று பதில் வந்தது. டிசைனரிடம் மட்டும் ரகசியமாக உண்மையைச் சொல்லிவிடலாமா என்றும் புலி யோசித்தார். ஆனால் அவள் இதற்குள் மேல்மாடியில் போய் டீ குடிக்கிற அளவுக்கு அக்காவோடு ஒட்டிக்கொண்டுவிட்டாள். கீழே சொன்னது அடுத்த டீயோடு மேலே போய்விடும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவர், கடைசியில் பூசணிக்காயைக் காப்பாற்றச் சோற்றை விட்டுக்கொடுத்தார்.

ஆட்கள் வந்தார்கள், துளைத்தார்கள், பொருத்தினார்கள், போனார்கள். பார்க்க அழகாகத்தான் இருந்தது, அதை மறுக்க முடியாது. மேடை புலியின் தொடைக்குக் கொஞ்சம் மேலே நின்றது. மேல் அலமாரியின் விளிம்பு சரியாக அவர் நெற்றிக்கு. அடுப்பு நடுவில் மகாராஜா மாதிரி உட்கார்ந்திருந்தது. இரண்டு பக்கமும் சட்டியைத் திருப்புவதற்கு இடம். நறுக்குவதற்கு மிச்சமிருந்தது ஓர் உள்ளங்கை அகலம், அதுவும் வலது கோடியில், சுவரை ஒட்டி. அங்கே இடது முழங்கையை விரித்து நறுக்கப் போனால் அடுப்பில் போய் இடித்தது. உப்பு முழங்காலுக்குப் பக்கத்தில், இழுக்கிற டப்பாவில். ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்று கேட்பார்கள். புலி வளைந்தார். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொண்டவர் வேறு என்ன செய்வது?

புதுச் சமையலறையில் முதல் விருந்து. அழைத்தது அக்காவே, விருந்தாளியும் அக்காவே. விடிவதற்கு முன்னால் எழுந்து புலி மீனை வறுக்கப் போனார். ஒருமுறை நிமிர்ந்தபோது நெற்றி இடித்தது. இன்னொருமுறை குனிந்தபோது முதுகு பிடித்துக்கொண்டது. உப்பு போட்டோமா இல்லையா என்ற சந்தேகத்தில் குனிந்து இன்னொரு தடவை போட்டார். இத்தனை வருஷத்தில் அவருக்கு அந்தச் சந்தேகம் வந்ததே இல்லை. மீன் நடுவில் பச்சையாகவும் ஓரத்தில் கருகியும் வந்தது. வழக்கம்போல ருசி பார்க்கலாமென்று வாயில் வைக்கும்போது மணி அடித்துவிட்டது.

அக்கா ஒரு வாய் சாப்பிட்டார். நிறுத்தினார். தண்ணீர் குடித்தார். இன்னொரு வாய் எடுத்து, அதையும் தட்டின் ஓரத்தில் வைத்தார்.

"உப்பு ரெண்டு தடவை விழுந்திருக்கு. மீனு வேகவே இல்ல" என்றார் மனைவியைப் பார்த்து. "என்னம்மா ஆச்சு உனக்கு? உடைஞ்ச சமையலறையில அப்படிச் சமைச்சவ. எல்லாம் புதுசா கைக்கு ஏத்த மாதிரி செஞ்சு குடுத்ததும் அக்கறை போயிடுச்சா? இவ்வளவுதானா உன் சமையல்?"

மனைவி தலையைக் குனிந்துகொண்டாள். லாரிக்காரனைப் பின்னால் போகவைக்கிறவள். "மன்னிச்சிடுங்க அண்ணி" என்றாள்.

தான் சமைத்ததற்கு அவள் பாராட்டு வாங்கியபோதெல்லாம் புலி பேசாமல்தான் இருந்தார். அதில் ஒரு தியாகச் சுகம்கூட இருந்தது. தான் கெடுத்ததற்கு அவள் திட்டு வாங்குவதை அவரால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. வெட்கம் காது வரைக்கும் ஏறியது.

"அக்கா, அது அவ வெச்சது இல்ல. நான் வெச்சது."

அக்கா பார்த்தார்.

"இது மட்டும் இல்ல. இத்தனை வருஷமா நீ சாப்பிட்டது எல்லாமே நான் வெச்சதுதான். அவளுக்குச் சமைக்கவே தெரியாது."

புலி இடிவிழக் காத்திருந்தார். அக்காவின் உதடு துடித்தது, தோள் குலுங்கியது, பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்துவிட்டார்.

"அடேய்! பொண்டாட்டியைக் காப்பாத்த இப்படியும் ஒரு பொய்யா? ஏம்மா, கேட்டியா? இவன் மனசு தங்கம்மா!" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நான்கூட ரொம்பக் கடுமையா பேசிட்டேன், விடு."

"பொய் இல்லக்கா. சத்தியமா."

"சரி. அப்படின்னா ஒரு வெங்காயத்தை நறுக்கி ஒரு முட்டையைப் பொரிச்சுக் காட்டு. நான் ஒத்துக்கறேன்."

புலி எழுந்தார். அவர் எழுந்த விதத்தைப் பார்த்திருந்தால் அலுவலகமே நடுங்கியிருக்கும். ஆணியிலிருந்து ஏப்ரனை எடுத்து, அக்காவின் கண் முன்னால், முதன்முதலாக, பகல் வெளிச்சத்தில், ஜன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு கட்டிக்கொண்டார். நெஞ்சு நிறைந்துபோயிற்று. ஒரு முட்டை! கண்ணைக் கட்டிவிட்டாலும் பொரிக்கலாம்.

அடுப்பைப் பற்றவைத்தார், எண்ணெய் ஊற்றினார். கத்தியை எடுத்தார். வெங்காயத்தில் வைத்தார்.

"ஐயோ ஐயோ" என்று அக்கா ஓடிவந்தார். "கத்தியை எந்தக் கையால புடிக்கணும்னுகூடத் தெரியல, இவர் சமைச்சாராம்!" புலியின் இடது கையிலிருந்து கத்தியைப் பிடுங்கி, வலது கையில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிவிட்டார். சின்ன வயதில் பென்சிலை வைத்து மடக்கியது போலவேதான். "இப்படி. இப்ப வெட்டு."

புலி அந்தக் கணத்தில் எவ்வளவோ சொல்லியிருக்கலாம். அலுவலகத்தில் அறுபது பேரை மிரட்டுகிற வாய் அது. ஆனால் அக்கா கையை மடக்கிவிட்டால் அதை அப்படியே வைத்துக்கொள்ளத்தான் அவருக்குப் பழக்கம். வலது கையால் வெட்டினார். வெங்காயம் உருண்டது. கத்தி இடது கை விரலில் இறங்கியது.

அதற்குள் எண்ணெய் காய்ந்து புகைய ஆரம்பித்தது. ஒரு கையில் ரத்தம், ஒரு கையில் முட்டை. முட்டையை உடைத்து ஊற்றினார், பாதி ஓடும் சேர்ந்து விழுந்தது. உப்புக்குக் கை போயிற்று, பழைய இடத்துக்கு. வெறும் சுவர். உப்பு கீழே இருக்கிறது என்று மூளைக்குத் தெரியும், கைக்குத் தெரியவில்லை. குனிந்தார், வலது கையால் குறுக்கே எட்டி எதையோ இழுத்தார், துடைக்கிற துணிகள் வந்தன. நிமிர்ந்தார், நெற்றியில் அலமாரி. சமையலறை முழுக்கப் புகை.

"மேடை சரியில்லக்கா! அலமாரி சரியில்ல. எல்லாமே இடம் மாறிக் கிடக்கு" என்று கத்தினார் புலி.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்ன்னாளாம்" என்றார் அக்கா, முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு.

கூடம் கோணல்தான். உலகத்தில் முதல்முறையாக அந்தப் பழமொழி பொய்த்துப்போன இடம் அது. ஆனால் அதை எப்படி நிரூபிப்பது?

வாசலில் நின்றிருந்த மனைவிக்கு மூச்சு முட்டியது. உள்ளே பாய்ந்தாள். யோசிக்க நேரமில்லை. இடது கை கீழே போய்க் கைப்பிடியை விசுக்கென்று இழுத்தது, கேஸ் நின்றது. வலது கால் அழுத்தியது, குப்பைத் தொட்டி வாயைத் திறந்தது, கருகியது உள்ளே போயிற்று. நிமிர்ந்து ஒரு பார்வை. அந்த உயரத்தில் எண்ணெய்ப் புட்டியும் முட்டைக் கூடையும் காத்துக்கொண்டிருந்தன. மறுபடி அடுப்பு எரிந்தது. முட்டையை உடைத்தாள். பார்க்காமலே இடது கையைத் தொடைப் பக்கம் விட்டு டப்பாவை முன்னால் இழுத்தாள், ஒரு சிட்டிகை போட்டாள், தள்ளினாள். சட்டியை இரண்டு கையாலும் பிடித்து, ஒரு வளைவில் வண்டியைத் திருப்புகிற மாதிரி லேசாகத் திருப்பினாள். முட்டை வட்டமாக, ஓரம் பொன்னிறமாகச் சுற்றி வந்தது.

அவள் அதை அதிசயமாகப் பார்த்துக்கொண்டு நின்றாள். தன் கையையும் பார்த்துக்கொண்டாள். அப்படி ஒரு சந்தோஷத்தைப் புலி வேறொரு நாளில், வேறொரு வெங்காயத்தின் முன்னால் அனுபவித்திருக்கிறார். அதனால் அவருக்கு உடனே அடையாளம் தெரிந்துவிட்டது.

"கை பொய் சொல்லுமாடா?" என்றார் அக்கா.

தம்பியைத் தோளைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்து மேசையில் உட்காரவைத்தார். இடது கையைப் பிடித்து, மருந்து தடவி, நாலு விரலையும் சேர்த்து ஒரே கட்டாக, அசையாதபடி இறுக்கிக் கட்டுப் போட்டார். "தெரியாத வேலைக்கு எதுக்குடா போறே? இனிமே அந்தப் பக்கம் போகாதே" என்றார். குரலில் உண்மையான பாசம் இருந்தது, அதுதான் கொடுமை. தண்ணீர் ஊற்றி டம்ளரை முன்னால் வைத்தார். புலி குடித்தார். குடித்து முடித்த டம்ளரை அக்காவே எடுத்துக்கொண்டு போனார்.

தட்டில் முட்டை வந்தது. புலி வலது கையால் ஒரு துண்டு பிய்த்து வாயில் போட்டார்.

"என்னங்க, எப்படி இருக்கு?" மனைவி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். கழுத்தில் ஏப்ரன். இந்தத் தடவை யாரும் மணி அடிக்காமலே கட்டிக்கொண்டிருந்தாள். "இன்னொண்ணு போடட்டுமா?"

புலி மென்றார். குறை கண்டுபிடிக்க எவ்வளவோ பாடுபட்டார். உப்பு சரியாக இருந்தது.

"போடு" என்றார்.